நாலாம் பாத்தி

வாலிநோக்கத்தில், உப்புப் பாத்தி வரப்பில்
ஒரு வண்டு. ஓடும், நிற்கும், ஓடும்.
ஓடுகிற வேகத்தில் அதற்குக் கண் தெரியாதாம்,
இரை எங்கே என்று பார்க்கத்தான் நிற்கிறதாம்.
ஜெனோவா சொன்னாள்.
கல்லூரியில் பூச்சி படித்தவள்,
இப்போது என்னோடு உப்பு வாருகிறாள்.

தட்டான் அப்படியில்லை.
பறக்கும்போதே பார்க்கும்,
முன்னால், பின்னால், தலைக்கு மேலே.
அவ்வளவு கண்ணை வைத்துக்கொண்டு
நாலாம் பாத்தியில்
வாலைத் தொட்டுத் தொட்டு முட்டையிடுகிறது.
பளபளப்பதெல்லாம் தண்ணீர் என்று
யார் சொன்னார்களோ.

ஏ தட்டான், அது உப்பு.
பலகையை வீசி விரட்டினேன்.
ஐந்தாம் பாத்திக்குப் போனது.

கண்மாய் காய்ந்து மூன்று மாதம்.
லாரித் தண்ணீர் குடம் பதினைந்து ரூபாய்.
கேனைச் சாய்த்து
வரப்பில் என் குதிகால் பதிந்த பள்ளத்தில்
ஒரு கை ஊற்றினேன்.
இந்தா, இதுதான் நல்ல தண்ணி.
அது திரும்பக்கூட இல்லை.

வண்டுதான் வந்தது.
ஓட்டத்தை நிறுத்தி
ஈரத்தின் விளிம்பில் கொம்பை ஆட்டிக்கொண்டு.
உனக்கு ஊற்றவில்லை என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள்
மண் குடித்திருந்தது.