பாத்திரக்கடை எழுத்து

எண்ணைத் தொடமாட்டேன், முதலிலேயே சொல்லிவிட்டேன்.
சட்டத்தின் அடியில் இருக்கிற அந்த ஆறு இலக்கம்
அரசாங்கத்துடையது.
தெரியும் தெரியும் என்றார் லலித் போத்ரா,
வேப்பேரியில் சீல் வாங்கிய தாளை மடித்துக்கொண்டே.
எண் இருக்கட்டும் ரெஜினா. பேர்தான் வேண்டாம்.

குழலின் இடப்பக்கம், புள்ளி புள்ளியாய்:
கோ. மாசிலாமணி, ராயபுரம்.
முடிவில் ஒரு சின்னப் பூ.

துப்பாக்கிக்குப் பேர் வெட்டுகிறவன் பூ போடமாட்டான்.
இது பாத்திரக்கடைக் கை.
தூக்கு, சம்படம், சீர்வரிசைக் குடம் என்று
நாளெல்லாம் தட்டித் தட்டி
பழக்கத்தில் இதற்கும் போட்டுவிட்டது.

விற்றபோது மகன் சொன்னானாம்:
ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.
ஒருமுறை கட்டியிருந்த அட்டை அறுந்துபோய்
வேறு யாருடையதோ அப்பா கைக்கு வந்தது.
எண்ணைச் சரிபார்த்து மாற்ற இரண்டு நாள்.
மூன்றாம் நாள் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு
பாரிமுனைக்கு பஸ் ஏறினார்.
பந்திக்கு அண்டா இரவல் கொடுக்கிறவர் செய்வதைத்தான்
செய்திருக்கிறார் மனிதர்.

வெட்டினவன் பயந்தானா தெரியாது.
எழுத்தில் நடுக்கம் இல்லை.
‘ம’வில் மட்டும் ஒரு புள்ளி ஆழம்.

உருளையைக் கழற்றி, குழலைத் தோல் சுற்றி
பிடியில் வைத்தேன்.
பேரை மட்டும் எடு என்கிறார்கள்.
பேரை மட்டும் எடுக்க முடியாது.
எழுத்து இருக்கும் இடத்தைத் தேய்த்தால் பள்ளம் விழும்,
ட்யூப்லைட்டில் பல்லிளிக்கும்.
எழுதாத இடத்தையும் சேர்த்து இறக்க வேண்டும்,
கம்பெனி முத்திரைக்கு ஒரு நூல் முன்னால்
மூச்சைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

அரம். அப்புறம் உப்புத்தாள், மரக்கட்டையில் சுற்றி.
முதலில் போனது ராயபுரம்.
பிறகு இனிஷியல்.
பகல் மணி இரண்டு,
குழலில் ‘மணி’ மட்டும் பாக்கி.
மின்சாரம் போனது. தயிர்சாதம் சாப்பிட்டேன்.

இதே போத்ராவிடம்தான், சூளையில்,
பெண்ணின் ஃபீஸுக்கு நான் ஒரு பித்தளைக் குடம் வைத்தேன்.
ச. பூங்காவனம் என்று போட்டிருந்தது.
யார் இது, என்றார்.
தெரியாது, கல்யாண வீட்டில் மாறி வந்தது.
சரி என்று என் பேரில் ரசீது எழுதினார்.
அலமாரியில் இன்னும் எத்தனையோ பேருடைய பேர்.
ஒன்றையும் அவர் அழித்ததில்லை.
தலைமாட்டில் வைத்துக்கொள்கிற சாமான் என்றால்
வேறு போலிருக்கிறது.

சாயங்காலத்துக்குள் ‘மணி’யும் போய்விட்டது.
‘ம’வுக்கு மட்டும் கூட ஒரு மணிநேரம்.
மறுநாள் உப்பு காய்ச்சி நீலம் ஏற்றினேன்.
கொதியிலிருந்து வெளியே வந்தபோது
மழைக்கு முந்தின காசிமேட்டுக் கடல் நிறம்.
விரலால் தடவினேன். ஒன்றுமில்லை.

தூசி என்று நினைத்து ஊதினேன்.
ஆவி படர்ந்தது, படர்ந்த ஆவியில்
கோ. மா.
தள்ளி, பூ.
பிறகு உலர்ந்தது.

உளி விழுந்தால் இரும்பு அடியிலும் இறுகும்.
மேலே இருந்ததை எடுத்துவிட்டேன்,
கீழே வாங்கிக்கொண்டதை என்ன செய்ய.
இன்னும் இறக்கலாம். குழல் மெலியும்.
மூன்று தரம் ஊதினேன்.
மூன்றாம் தரம் பூ மட்டும்.

சனிக்கிழமை வந்தார். முதலில் எண்ணைத்தான் பார்த்தார்,
தாளோடு ஒத்துப் பார்த்தார்.
அப்புறம் இடப்பக்கம். ஜன்னலுக்குக் கொண்டுபோய்த்
திருப்பித் திருப்பி. புதுசு மாதிரி, என்றார்.

எண்ணெய்த்துணியால் துடையுங்கள் போதும்.
வாயால் ஊதாதீர்கள்,
மூச்சுக்காற்று துரு பிடிக்கும், என்றேன்.
பொய் இல்லை.

பில்லில் எழுதினேன்:
எழுத்து நீக்கம். நீலம் ஏற்றல்.
பூவுக்குத் தனியாக ஒன்றும் போடவில்லை.