காரணம்: பனி

அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்தில்
இருபத்தாறு வருஷம் நேரக் காப்பாளன் நான்.
வண்டி எண், வந்த நேரம், போன நேரம்,
தாமதம் என்றால் காரணம்.
காரணத்துக்கு விட்டிருந்த கட்டம்
கட்டைவிரல் அகலம்.
'பனி' என்று எழுதத்தான் இடம் இருக்கும்.

மார்கழி பாதிக்கு மேல், தை முழுக்க,
பாபநாசத்திலிருந்து வரும் முதல் வண்டி
கண்ணுக்கு முன்னால் காதுக்கு வரும்.
முதலில் ஒரு இருமல், அது எஞ்சின்.
அடுத்த இருமல் கோமதிநாயகம்.
விளக்கில் மஞ்சள் காகிதம் ஒட்டி
கண்ணாடியில் புகையிலை தேய்த்து
ஸ்வெட்டருக்கு மேல் காக்கி மாட்டிக்கொண்டு வருவார்.
நதியுண்ணிக் கால் தாண்டும் இடத்தில்
ரோடு எது, பிசான வயல் எது என்று தெரியாத நாட்களில்
கண்டக்டர் முகைதீன் பிச்சை இறங்கி
டார்ச்சும் வெள்ளைத் துண்டுமாக முன்னால் நடப்பார்.
ஐம்பது பேரும் நாலு மூட்டை கத்தரிக்காயும்
ஒரு துண்டின் பின்னால் ஊர்ந்து வந்து சேர்வார்கள்.
தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள்.
தரையை நான் பார்க்கவில்லை,
அட்டவணையைத் துளைத்தது.

என் மேஜை இழுப்பறையில் இருந்த தேங்காயெண்ணெயை
தீக்குச்சியால் தோண்டித்தான் தலைக்கு வைக்க வேண்டும்.
இந்தத் தையில் பாட்டிலைச் சாய்த்தால்
தண்ணீர்போல் ஓடுகிறது.
ராத்திரி மின்விசிறி மூன்றில்.

போன மாதம் ஜெபசெல்வி என்றொரு பெண்
பாளையங்கோட்டைக் கல்லூரியிலிருந்து வந்தாள்.
டெப்போவில் எடைக்குப் போட வைத்திருந்த
என் பதிவேடுகளைக் கேட்டு வாங்கி
பனியை எண்ணியிருக்கிறாள்.
முதல் வருஷம் முப்பத்தொன்று.
நடுவில் பதினேழு, பன்னிரண்டு, மறுபடி பதினான்கு.
ஓய்வுக்கு முந்தின வருஷம் இரண்டு.
கடைசி வருஷம் இல்லவே இல்லை.
கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.
நிலையத்துப் படிக்கட்டுபோல் இறங்கியது கோடு.

காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னேன்:
"அதுல எல்லாமே பனி இல்ல, தாயி."

கோமதிநாயகத்தின் பையன் மஞ்சள்காமாலையில் கிடந்த வாரம்
நாலு நாள் பனி.
விக்கிரமசிங்கபுரத்தில் ஏறிய பிள்ளைத்தாய்ச்சிக்கு
வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பிய அன்று
கடும் பனி.
முகைதீன் பிச்சை விஷயத்தில் ஒன்று உண்டு,
அதைச் சொல்ல மாட்டேன், அவர் வீட்டம்மா இருக்காங்க.
வேறு எதை எழுதினாலும் மெமோ வரும்,
அரைநாள் சம்பளம் போகும்.
பனிக்கு மெமோ கொடுக்கிற அதிகாரி
திருநெல்வேலிச் சீமைக்கு மாற்றலாகி வந்ததில்லை.

அவள் பென்சிலை எடுத்தாள்.
"எது எது இல்லைன்னு காட்ட முடியுமா சார்?"
பக்கம் பக்கமாகப் புரட்டினோம்.
ஒரே கையெழுத்து, ஒரே நீல மை.
முழங்கால்வரை மறைந்த நாளும்
மனசறிந்து நான் இறக்கிய நாளும்
ஒரே மாதிரி கிடந்தன.
காமாலை நாலு நாள் எந்த மாசம் என்றே பிடிபடவில்லை.
அவள் கோட்டுக்குப் பக்கத்தில்
'ஏறத்தாழ' என்று எழுதிக்கொண்டாள்.

அவள் போன பிறகுதான் கடைசி வருஷம் ஞாபகம் வந்தது.
தை ஒன்பதோ பத்தோ.
முதல் வண்டி முப்பத்தைந்து நிமிஷம் பிந்தி வந்தது.
புது டிரைவர், கல்யாணமாகி எட்டு நாள்.
ஜன்னலில் குனிந்து,
"அண்ணாச்சி, பாத்து எழுதுங்க" என்றான்.

எழுதத்தான் பேனாவைத் திறந்தேன்.
வெளியே பார்த்தேன்.
பொதிகை அடிவாரம்வரை
ஒவ்வொரு மரமும் தெரிந்தது.