எல்லாம் என்றொரு கோப்புறை

இரவு பதினொன்றே காலுக்கு
வட்டு நிரம்பிவிட்டதென்று சர்வர் கத்தியது.
கீழ்ப்பாக்கம் ஸ்கேன் சென்டர், பின்கட்டு ஏசி அறை,
நான் மட்டும், செருப்பில்லாமல்.

திருவொற்றியூர் தணிகாசலத்தின் வலது முழங்கால்
நாற்பது முறை நகலாகிக் கிடந்தது.
மனிதர் வழுக்கி விழுந்தது
ஒரே ஒரு முறை.

பாதையைப் படித்தேன்.
படங்கள் / 2019 / எல்லாம் / 2019 / எல்லாம் / 2019 / எல்லாம் /
கொருக்குப்பேட்டை கேட்டில் கடக்கும் சரக்கு வண்டியாய்
திரையின் விளிம்பைத் தாண்டியும் போய்க்கொண்டிருந்தது.

‘எல்லாம்’ கோப்புறையே இல்லை.
வெறும் இணைப்பு.
உள்ளே நின்றுகொண்டு
மேலே இருக்கும் ‘படங்க’ளைக் கைகாட்டுகிறது.
எல்லாவற்றையும் ஓரிடத்தில் பார்க்க
யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள்.
அந்த எல்லாவற்றுக்குள் இந்த எல்லாமும் வருமே என்று
யோசிக்கவில்லை.

என் நிரல் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை.
கதவைக் கண்டால் நுழையும்.
நாற்பது கதவுக்குப் பிறகு
கர்னல்தான் போதும் என்று காதைத் திருகியிருக்கிறது.

போன்.
“சார், பரோட்டா. பதினேழாம் நம்பர் பூட்டியிருக்கு.”
பழைய பதினேழா, புதுசா?
“தெரியல சார். ரெண்டு ரவுண்டு அடிச்சிட்டேன்,
திரும்பத் திரும்ப அதே மரத்துக்கிட்டயே வந்து நிக்கறேன்.”
அதே மரம்னு எப்படிச் சொல்றே?
“கிளையில காத்தாடி மாட்டியிருக்கு சார். பச்சை வால்.”

அங்கேயே நில் என்று இறங்கிப் போய் வாங்கினேன்.
ஹெல்மெட்டில் ஜாஃபர் என்று ஒயிட்னரால் எழுதியிருந்தான்.

மேலே வந்து
பொட்டலத்தைப் பிரிக்காமல் எழுத உட்கார்ந்தேன்.
பெயரை நம்பாதே.
பழைய எண்ணிலும் புது எண்ணிலும்
அழைப்புமணி ஒன்றுதான்.
ஐநோடு எண்ணைக் கேள்.
அதுவும் தனியாகப் போதாது,
ஊரெங்கும் இரண்டாவது குறுக்குத் தெரு இருக்கிறது;
எந்த வட்டு என்றும் கேள்.
நுழையும்போது இரண்டையும் குறித்துக்கொள்,
வெளியே வரும்போது அடித்துவிடு.
நீ இன்னும் வெளியேறாத வீட்டுக்குள்ளேயே
மறுபடி நுழையப் போகிறாய் என்றால்
வாசலோடு திரும்பு.

குறித்துவைக்கும் பட்டியலுக்குப்
பச்சைவால் என்று பெயர் வைத்தேன்.
காலைப்பணிக்கு வரும் சுகந்தி சிரிப்பாள், சிரிக்கட்டும்.

இணைப்பைப் போட்டது யாரென்று பார்த்தேன்.
உரிமையாளர் இடத்தில் பெயர் இல்லை.
1043.
வேலையை விட்டவரின் கணக்கை நீக்கினால்
பெயர் போய்விடும், எண் நிற்கும்.
மாதக் கடைசியில் நீக்குவது என் வேலை,
நான்தான் நீக்கியிருப்பேன்.
முகம் ஞாபகத்துக்கு வரவில்லை.

இணைப்பை அழிக்கவில்லை.
எல்லாம் எங்கே என்று
எவராவது கேட்டு வருவார்கள்.

ஒரு மணிக்கு மறுபடி ஓட்டினேன்.
2019, எல்லாம்:
முன்பே இங்கிருக்கிறோம், தாண்டுகிறேன்
என்றொரு வரி.
தணிகாசலத்துக்கு வலது முழங்கால் ஒன்று.

சால்னா ஆறி
மேலே எண்ணெய் கட்டியிருந்தது.