மறை தேய்ந்த இடம்

திரு. கோர்டன் வீப் அவர்களே,
பதிவுத் தாளில் உங்கள் பெயர்தான் இருந்தது.
இரண்டாயிரத்து இருநூறு டாலர் எண்ணிக்கொடுத்து
நவம்பரில் வண்டியை வாங்கினேன்.
உங்களையும் சேர்த்துத்தான் வாங்குகிறேன் என்று
யாரும் சொல்லவில்லை.

ஸ்விஃப்ட் கரண்டில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
கராஜ் ஹீட்டருக்கு முழங்கால்வரைதான் மனசு.
பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து
இருட்டிய பிறகு, தினம் இரண்டு மணி நேரம்,
போல்ட் போல்ட்டாக உங்களைக் கழற்றினேன்.

பின் சிலிண்டர் மூடியில் எண்ணெய்க் கசிவு.
கேஸ்கெட் இருக்கவேண்டிய இடத்தில் நீல சிலிக்கான்,
பிறந்தநாள் கேக் அலங்கரிப்பவரின் தாராளத்தோடு.
பூசி மெழுகுவது என்ற சொல்லுக்கு
இதைவிட நல்ல படம் கிடைக்காது.
சார்ஜிங் ஒயர் சொத்தைப் பல்லாய்க் கருகியிருந்தது.
ஏர் ஃபில்டர் பெட்டியில் ஒரு கைப்பிடி கோதுமை
(இது எலியின் வேலை, உங்களைச் சொல்லவில்லை).
சைலன்சரைத் தாங்கிக்கொண்டிருந்தது
வேலிக்கம்பி. நாலு முறுக்கு,
முனை உள்பக்கமாக மடிக்கப்பட்டு.
ஓர் எட்டு மில்லிமீட்டர் போல்ட், மறை தேய்ந்தது,
பீர் டின் தகட்டைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு
உள்ளே உட்கார்ந்திருந்தது.

"மறை கழண்ட ஆள்!" என்றேன், சத்தமாகவே.
டார்க் ரெஞ்சைக் கொடுக்க வந்த எதிர்வீட்டு டெல்மர்
தன்னைத்தான் சொல்கிறேனோ என்று
பனியிலேயே நின்றுவிட்டார்.

பிறகு டேங்கைத் தூக்கினேன்.
பின் வால்வுகளைப் பார்ப்பது லேசான வேலையில்லை,
உங்களுக்குத் தெரியும்.
சீட், டேங்க், எந்த விரலும் நுழையாத
அந்தப் பாழாய்ப்போன பிராக்கெட், எல்லாம் வரவேண்டும்.
முன்னதை மட்டும் பார்த்துவிட்டு
இரண்டுக்கும் பில் போடும் கடைகள் உண்டு.
ஃபீலர் தகட்டைச் செருகினேன்.
லேசாகப் பிடித்தது, விட்டது.
அடுத்ததும் அப்படியே.
டார்ச்சைத் திருப்பினால், சட்டத்தின் இரும்பில்
வெள்ளைப் பென்சில் எழுத்து:
24,900. பின் வால்வு சரி.
33,050. சரி.
41,206. சரி. ஆகஸ்ட் 9.
எட்டாயிரத்துக்கு ஒருமுறை,
ஒரே சாய்ந்த கையெழுத்தில்,
ஒருவர் கண்ணும் படாத இடத்தில்.

கீழே உட்கார்ந்தேன்.
கொஞ்ச நேரம் எதையும் கழற்றவில்லை.

ஏப்ரலில் உயிர் வந்தது.
இரண்டு பிஸ்டனுக்கும் ஒரே கிராங்க் முளை,
அதனால் ஒருபோதும் சமமாக அடிக்காது.
டப்டப், ஒரு யோசனை, டப்டப், ஒரு யோசனை.
தெருமுனை நாய் குரைத்துப் பார்த்து
தாளம் கிடைக்காமல் நிறுத்திக்கொண்டது.

ஜூனில், எல்ரோஸுக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருக்கையில்
கியர் இணைப்பு போல்ட் எங்கோ விழுந்துவிட்டது.
மாட்டிக்கொண்டது மூன்றாவது கியர்.
இருபுறமும் கடுகு வயல்; மஞ்சள்தான், ஆள் இல்லை.
மேற்கே மேகம் கறுத்துக்கொண்டே வந்தது.
வேலிக் கம்பத்தில் தொங்கிய ஒரு துண்டுக் கம்பியைக்
குறட்டால் முறுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
கால்சட்டையைக் கிழிக்கக் கூடாதே என்று
முனையை உள்பக்கம் மடிக்கும்போதுதான்
கை நின்றது.

எந்தச் சாலையில் நின்றீர்கள், வீப்?
மழையா? யாராவது காத்திருந்தார்களா?

ஒன்று எண்பதுக்குப் புது போல்ட் வாங்கியாயிற்று.
ஜன்னலோரக் காபிக் கோப்பையில் கிடக்கிறது.
இது செப்டம்பர்.
கம்பி இன்னும் கம்பியாகத்தான் இருக்கிறது.

நேற்று டேங்கைத் தூக்கி
உங்கள் வரிக்குக் கீழே எழுதினேன்:
49,377. பின் வால்வு சரி.
இனி வாங்கப்போகிறவர்
கியர் கம்பியைப் பார்த்து என்னைத் திட்டட்டும்,
ஆனால் இதுவரை கழற்றிவிட்டுத் திட்டட்டும்.

அந்த நீல சிலிக்கானை மட்டும்
இன்னும் மன்னிக்கவில்லை.