முப்பத்தேழாம் குழாய்

கல்லுக்குப் பெயர் டி-9.
என் நடுவிரல் நீளம், வெளிறிய மணற்கல்.
டெல்டாவில் ஆயிரத்து எண்ணூறு மீட்டர் கீழே
இருட்டில் கிடந்ததை
காரைக்குடி வரைக்கும் பஸ்ஸில் கொண்டுவந்தவர் ஆரோக்கியசாமி,
மடியில், சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில்.

எஃகு உறையில் இறுக்கி, எண்பது டிகிரி சூடு காட்டி
மாலை ஆறுக்குத் தொடங்கினேன்:
நிமிடத்துக்கு ஆறு சொட்டு உப்புத் தண்ணீர்.
மறுமுனையில் பத்து நிமிடத்துக்கொரு கண்ணாடிக் குழாய்
தானாய் நகர்ந்து வந்து நிற்கும்.

முதல் மூன்றும் கறுப்பு.
நாலாவதில் தண்ணீர் எட்டிப் பார்த்தது.
பத்துக்குப் பிறகு வெறும் தண்ணீர்,
வெறும் தண்ணீர்,
வெறும்.

தண்ணீருக்கு ஒரு குணம்.
கொடுக்கிற வீட்டுக் கதவையே
திரும்பத் திரும்பத் தட்டுகிற வசூல்காரன் மாதிரி
போன தடத்திலேயே போகும்.
நூற்றுக்கு நாற்பத்தொன்று வரவு வைத்தேன்.
மிச்சம் ஐம்பத்தொன்பதும் கல்லுக்குள் நிலுவை,
கண்ணுக்குத் தெரியாத மணல் இடுக்குகளில்
சொட்டுச் சொட்டாய்ப் பிடிவாதம்.

எண்ணெய் வைத்த தலையை
வெறும் தண்ணீரில் அலசியவர்களுக்கு இது புரியும்.
பதினொன்றே காலுக்குச் சீயக்காய் நேரம்:
பெயர் நீளமான ஒரு சோப்பு, ஒன்பது மில்லி.
அதன் பின்னால் கஞ்சிப் பதத்தில் தண்ணீர்,
குறுக்கே ஓடாமல்
அகலமாய், மெதுவாய் நடக்க.

அப்போதுதான் அலமாரிக் கண்ணாடி நடுங்கியது.

பின்சுவருக்கு அந்தப் பக்கம்
கல்யாண மண்டபம் வரப்போகிற மனையில்
திருச்செங்கோட்டு லாரி.
போர் போடுகிறார்கள்.
ஸ்டாண்டின் காலுக்கடியில் காகிதம் மடித்து வைத்தேன்,
நிற்கவில்லை.
ஓடினேன், செருப்பு மாற்றாமல்.

முகமெல்லாம் மாவாய் நின்றவர் பெயர் அர்த்தநாரி.
“ஐநூத்தி இருபது அடி மேடம், புகைதான் வருது.”
கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்றேன்.
அடிக்கணக்கில் கூலி, நிறுத்தினால் யார் தருவார்?
உள்ளே என்ன வேலை என்று கேட்டார்.
பாறைக்குள் தண்ணீர் விட்டு
எண்ணெய் எடுக்கப் பார்க்கிறோம் என்றேன்.

எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினார்:
“தண்ணி எந்த எடத்துல விடுறீங்கன்னு சொல்லுங்க,
அங்க கொண்டுபோய்ப் போடுறேன்!”

சிரித்துவிட்டேன். பிறகு
அது உப்பு, குடிக்க ஆகாது என்று
யாரும் கேட்காத விளக்கம் சொன்னேன்.
அவர் அடுத்த தண்டை மாட்டப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது
முப்பத்தேழாம் குழாய் நகர்ந்து முடிந்திருந்தது.
அடியில் தண்ணீர், மேலே
நன்னாரி சர்பத் நிறத்தில் ஒரு வளையம்,
விரல் நகம் உயரம்.
ஆறு வருஷமாய் எதிர்பார்த்த வருகை,
எழுந்து நிற்க நான் இல்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்:
12.10. எண்ணெய் வந்தது.
வெளியே துளையிடும் வேலை. அதிர்வு உண்டு.
பாதிப்பு தெரியவில்லை.

விடியும்வரை கூடுதலாய்ப் பதினொன்று.
மொத்தம் ஐம்பத்திரண்டு.
திட்டத்தில் அறுபது என்று போட்டிருக்கிறோம்.
உமையாள் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்,
அதிர்வு என்ற வரியில் விரல் வைப்பார்.
அதிர்வால் கூடியதா குறைந்ததா
எனக்கே தெரியாது என்பதுதான்
நான் சொல்லக்கூடிய உண்மை.

ஆறரைக்குக் கல்லை வெளியே எடுத்தேன்.
ஒரு பக்கம் வெளுத்து, ஒரு பக்கம் பழுத்து
இன்னும் கனமாய்.
மோந்து பார்த்தேன், மண்ணெண்ணெய் அடுப்பு வாசனை.

ஜன்னல் விளிம்பில் வெள்ளையாய்ப் பாறைமாவு.
லாரி கிளம்பிக்கொண்டிருந்தது.
அறுநூற்று நாற்பதில் ஈரம் தட்டியதாம்.
தண்ணீரா என்று கேட்டதற்கு,
“ஈரம்னுதான் சொன்னாங்க” என்றான் வாட்ச்மேன்.

எங்கள் கணக்கிலும் அந்தச் சொல் உண்டு:
கல் எதை விரும்பி ஈரமாகிறது,
தண்ணீரையா எண்ணெயையா.
அதற்கொரு கோணம், ஒரு கருவி, ஒரு பட்டியல்.

டி-10க்கு உறையைக் கழுவ வேண்டும்.
குழாயைத் திறந்தேன்.
ஒன்பது மணிக்குத்தான் விடுவார்கள்.