இரண்டாம் பக்கம், மூன்றாவது உருப்படி

என்னிடம் இருப்பது நாலு பிரதி.
ஒன்று, கிளீவ்லாந்தில் ஒரு முடிதிருத்தகம் மூடிய அன்று
நாற்காலியோடு சேர்த்து வாங்கியது.
நாற்காலியை விற்றுவிட்டேன்.
ஒன்றின் உறையில் காப்பிக் கறை, முக்கால் வட்டம்.
ஒன்றில் பச்சை மையில்
'வெர்னாவுக்கு, மன்னிப்புடன்.'
என்ன குற்றமோ,
தட்டில் ஊசி பட்ட தடமே இல்லை.
அவள் கேட்கவில்லை.
பாழாக்க மனசில்லாமல் நானும் கேட்டதில்லை.
நாலாவதை எதற்கு வாங்கினாய் என்றாள் மனைவி.
லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு
எல்லாவற்றுக்கும் பதில் தெரிய வேண்டும் என்று
சட்டமா இருக்கிறது?

உறையின் முதுகில் ஐந்து பெயர்,
எறும்பு அளவு எழுத்தில்.
ட்ரம்பெட், ஆர்வில் டாக்கெட்: கல்லீரல்.
சாக்ஸபோன், லூஷியஸ் பெம்ப்ரி:
டேட்டனுக்கு வெளியே உறைபனிச் சாலை.
பின் சீட்டில் கிடந்த வாத்தியத்துக்கு
ஒரு கீறல்கூட இல்லையாம்.
பியானோ, ஹோசியா கிராண்டிசன் போனது
மூன்று வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.
அந்த மூன்று வருடமும் அவரை
நான் ஒருவன் உயிரோடு வைத்திருந்தேன்.
பாஸ், வெண்டல் குவார்ல்ஸ்: போன மார்ச்.
ஒவ்வொரு பெயர்மேலும் பென்சில் கோடு.
பேனாவால் அடிக்கக் கை வராது.

மிச்சம் ட்ரம்ஸ்.
கிளியோஃபஸ் மேப்ரி, வயது தொண்ணூற்று மூன்று,
ஆக்ரன் நகரில் ஒரு முதியோர் இல்லம், மூன்றாம் மாடி.
(அந்த லிஃப்டின் கேபிளை எப்போதோ மாற்றியிருக்க வேண்டும்.
சொல்லிவிட்டு வந்தேன்.)

எனக்குக் கேட்க இருந்தது ஒன்றே ஒன்று.
இரண்டாம் பக்கம், மூன்றாவது உருப்படி,
பாஸ் தனியே நடந்துபோகும் இடத்தில்
டக்.
குச்சி நழுவித் தரையில் விழுகிறது.
அரை மூச்சு நேரம்
சிம்பல் மட்டும் தத்தளிக்கிறது.
பிறகு வெறும் விரல்கள் தோலைத் தட்டித் தட்டித்
தாளத்தைக் கரை சேர்க்கின்றன.
முப்பது வருடமாக அந்த இடத்தில்
நானும் மூச்சை நிறுத்துகிறேன்.
அன்று எப்படி ஐயா விழுந்தது?

சிரித்தார். குல்லா நழுவும்வரை சிரித்தார்.
'என் கையிலிருந்து குச்சி விழுந்ததே கிடையாது தம்பி.
அன்றைக்கு எனக்குக் கடைவாய்ப்பல்,
கன்னம் பூசணிக்காய்.
சலவைக்கடை வண்டி ஓட்டுகிற பையன் ஒருத்தனை அனுப்பினேன்.
பேர் ரூ... ருஃப்...
இல்லை.
இடது கைக்காரன்.
பணம் என் பேருக்கு வந்தது. பாதி கொடுத்தேன்.'
செவிலிப்பெண் மாத்திரை தந்து போன பிறகு,
'பாதிக்கும் குறைவு' என்றார்.

கொண்டுபோயிருந்த சின்னப் பெட்டியில் தட்டைச் சுழலவிட்டேன்.
கஞ்சிக் கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தார்,
ஒரு அடி பிசகவில்லை.
அந்த இடம் வந்தது.
கரண்டி காற்றில் நின்றது.
பையன் கரை சேரும்வரை இறங்கவில்லை.

கையெழுத்துப் போடவில்லை.
பேனாவை மூடி திறக்காமல் திருப்பித் தந்தார்.

வீட்டில் நாலு உறையையும் மேசைமேல் பரப்பிவைத்துப்
பென்சிலோடு உட்கார்ந்தேன்.
ஏரிக்காற்று ஜன்னலைப் பிறாண்டியது.
மேப்ரி இருக்கிறார், ஆனால் இந்தத் தட்டில் இல்லை.
இந்தத் தட்டில் இருப்பவன்
எங்காவது இருக்கிறானா?
கோடு போடவில்லை.
மேப்ரியின் பெயருக்குக் கீழே எழுதினேன்:
இடது கை. சலவை வண்டி.

பிறகுதான் வெர்னாவின் பிரதியை எடுத்தேன்.
முதல் ஊசி.
முடிதிருத்தகத்துத் தட்டில் பொரிகிற சத்தம் இதில் இல்லை,
பாஸின் நரம்பில் விரல் உரசுவது வரை கேட்கிறது.
டக்.
அதற்கு அப்புறம்,
முப்பது வருடம் என் காதில் விழாத ஒன்று.
ஒலிவாங்கிக்குத் தள்ளி
யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள்.

ஊசியைத் தூக்கி மறுபடி வைக்கிறேன்.
வெண்டலா?
அவனேதானா?