ஒரு ஷேடு கம்மி

மதியம் இரண்டு மணி.
ஐந்து ரோடு துணிக்கடையின் மூன்றாம் மாடி,
ஸ்டோர் ரூமை ஒட்டிய கழிவறை.
டியூப் லைட் சிமிட்டுகிறது.
கையில் ஒரு காகிதக் குச்சி.
ஒரு கோடு திடமாக நிற்கிறது.
இன்னொன்று
இருக்கிறதா,
நான் இருக்க வைக்கிறேனா?

பன்னிரண்டிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை,
குடித்தால் கோடு நீர்த்துவிடுமாம்.
பாலிகாட்டன், பாதி விலை என்று சொல்லிச் சொல்லி
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது.
மானேஜர் கேட்கிறார், என்னம்மா விரதமா?
ஆமாம் சார் என்றேன்.
முழுப் பொய்யும் இல்லை.

படம் எடுத்து லோகுவுக்கு அனுப்பினேன்.
செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி உரசிப் பார்ப்பவன்.
கறுப்புக் கல்லில் வந்த வெள்ளி ஒரு இழுப்பு,
பக்கத்தில் தெரிந்த வெள்ளி ஒரு இழுப்பு,
கண்ணை இடுக்கி ‘அறுபத்தெட்டு டச்’ என்பான்.
மெஷின் அறுபத்தெட்டரை என்றால்
அந்த அரைக்காக அன்று சாப்பாடு இறங்காது.
அவனுக்கே
இந்த இரண்டு இழுப்பில் எது தூக்கல் என்று பிடிபடவில்லை.
‘மங்கலா இருக்கு.’
கொஞ்சம் கழித்து, ‘ஆனா இருக்கு.’
அப்புறம் ஒரு கொலுசுப் படம்,
வேறு யாருக்கோ போக வேண்டியது.

நாலைந்து மாதம்
அந்த ‘ஆனா’வில்தான் குடியிருந்தோம்.
கோடு தெரிந்தாலே நல்ல நாள்.
அவன் கடையைச் சீக்கிரம் சாத்துவான்,
நான் தலைவலியை மறைப்பேன்.
குப்பைக்கூடையில் கிடந்த குச்சியைச் சாயங்காலம் எடுத்து
கறுத்துவிட்டதே என்று
துள்ளியதும் நான்தான்.

நான்கு ரோடு மெடிக்கல்ஸ் பர்வீன்
போன வாரம் சொன்னாள்,
பில்லைக் கிழித்தபடி, குரலைத் தாழ்த்தாமல்:
“அக்கா, இது கர்ப்பம் பார்க்கிற குச்சி இல்ல.
அதுல மங்கலா வந்தாலும் கணக்கு.
இதுல பக்கத்துக் கோட்டுக்குச் சமமா வரணும்,
இல்ல அதைவிட அடர்த்தியா.
அதுக்குக் கீழ இருந்தா இன்னும் நேரம் வரலன்னு அர்த்தம்.
காஞ்சப்புறம் தெரியறதைப் பார்க்கவே கூடாது.
சில உடம்புக்கு மாசம் பூரா அடர்த்தியாவே காட்டும்,
சிலதுக்குக் காட்டவே காட்டாது,
அப்படின்னா டாக்டர்கிட்ட போங்க.
குச்சி மேல குத்தமில்ல, உங்க மேலயும் இல்ல.”
பின்னால் வரிசையில் நின்றவர்
இருமக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடம் ஆனது.
குச்சியைக் காகிதத்தில் சுற்றிப் போட்டேன்.
போனில் எழுதினேன்:
பதினோராம் நாள். இல்லை.
யோசித்து, முன்னால் ‘இன்னும்’ சேர்த்தேன்.
ஒரு பாட்டில் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தேன்.

வெளியே ஓர் அம்மாள்
மாம்பழ நிறப் புடவையோடு காத்திருந்தார்.
இதே நிறத்தில் ரவிக்கைத் துணி வேண்டுமாம்.
ஜன்னலோரம் கூட்டிப் போனேன்.
சேர்வராயன் மலை பாதி மேகத்தில் இருந்தது,
வெளிச்சம் போதும்.
துணியைப் புடவை மேல் வைத்தேன்.
“பொருந்துதே?” என்றார், ஆசையாக.
“ஒரு ஷேடு கம்மிம்மா,” என்றேன்.
“இதை எடுக்காதீங்க.
நாளைக்கு வந்து பாருங்க.”